நடேசன் சொல்லாத வார்த்தை

பாகூர் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் நடேசன் வாயில் ஒரு வார்த்தை மட்டும் வராது. போலீஸ்காரரை சார் என்பார், வாத்தியாரை ஐயா என்பார், தன்னைவிடச் சின்னப் பையனைக்கூட அண்ணே என்று கூப்பிட்டு வேலை வாங்கிவிடுவார். ஆனால் மனுசனைப் பார்த்துச் சாமி என்று சொல்லமாட்டார். ஐம்பது வயசாகிறது, இதுவரை ஒருத்தரையும் சொன்னதில்லை.

அதற்காக அவரைச் சாமி இல்லை என்கிற கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். வருஷம் தவறாமல் காப்புக் கட்டித் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர் அவர். மனசு சரியில்லாத நாளில் அம்மன் எதிரே நின்று, "இன்னாடி, கண்ணு தெரிலயா உனக்கு?" என்று சண்டை பிடிப்பார். வில்லியனூர் மாதா கோயில் பக்கம் போனால் அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். சாமியை டி போட்டுப் பேசுகிற ஆள், மனுசனைச் சாமி என்று கூப்பிடமாட்டேன் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. அவர் மசியவில்லை.

காரணம் அவரோடு இருக்கிற வயசான அப்பா சாமிக்கண்ணு. ஊர்ப் பெரிய வீட்டில் நாற்பது வருஷம் பண்ணையாளாக இருந்தவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வீட்டுக் கைக்குழந்தையைக்கூடச் சின்ன சாமி என்று கூப்பிட்டவர். அவரை அவர்கள் எப்படிக் கூப்பிடுவது? முழுப்பேரைச் சொன்னால் கூலியாளைச் சாமி என்று கூப்பிட்டதாகிவிடுமே. வேலைக்குச் சேர்ந்த அன்று வேண்டுதலுக்காகத் தலையை மழித்திருந்தார், அதனால் மொட்டை என்று வைத்தார்கள். முடி வளர்ந்தது, நரைத்தது, அந்த வீட்டுக்கு அவர் மொட்டைதான். பெற்றவர்கள் வைத்த பேரில் இருந்த சாமியையும் பிடுங்கிக்கொண்ட வீடு அது. நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது, நடேசனுக்கு எரியாதா?

போன கார்த்திகையில் அந்த வீட்டு உலகநாதன் சபரிமலைக்கு மாலை போட்டார். அன்னதானத்தன்று காலையில், உலை வைக்கிற நேரத்தில், போர்வெல் மோட்டார் நின்றுவிட்டது. நடேசனுக்குப் போன் வந்தது. அவர் பார்க்கிற வேலையில் பாதி அந்த வீட்டு வகையறாவின் போர்வெல்களில்தான், அதனால் உடனே போனார். மாலை போட்டவர்கள் எதிரே வருகிற எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். முந்தின மாசம் வரை 'டேய் நடேசா' என்ற உலகநாதன் வாசலில் கைகூப்பி, "வாங்க சாமி" என்றார்.

பதிலுக்கு 'சாமி' என்பது முறை. நடேசன், "ஸ்டார்ட்டர் பெட்டி எங்க கீது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கெப்பாசிட்டரை மாற்றினார், தண்ணீர் பீறிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது உலகநாதன் மறித்தார்.

"நான் சாமின்னு கூப்ட்டன். நீ திருப்பிச் சொல்லலியே சாமி?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லிங்க."

"சொன்னா என்னைச் சொல்லல சாமி நீ. மாலையில இருக்கிற ஐயப்பனைத்தான் சொல்ற."

"எங்கப்பன் நாப்பது வருசம் கூப்ட்டப்ப உங்கூட்டுல யார் கழுத்துலயும் மாலை இல்லிங்க."

காய் அரிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்ப சாமின்னா இன்னாடா? நீதான் சொல்லேன்." கோபத்தில் விரதப் பேச்சு உலகநாதனை விட்டுப் போய்விட்டது.

நடேசன் யோசித்தார். கல்லா, சூலமா, அந்த வெள்ளைச் சேலை மாதாவா? தணலில் கால் வைக்கிற அந்த நொடியில் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது. அது என்ன என்று அவருக்கே தெரியாது. புஸ்தகம் புஸ்தகமாகப் படித்தவர்களுக்கே பிடிபடாதது காயில் கட்டுகிறவருக்குப் பிடிபட்டுவிடுமா?

"எனக்குத் தெரியாதுங்க," என்றார். "ஆனா கூலி நெல்லுல பதரைக் கலந்து அளந்த ஆளு அது இல்ல. அது வரைக்கும் தெரியும்."

கூலி அளந்துவிட்டுச் செத்துப்போன தன் அப்பாவைத்தான் நடேசன் சொல்கிறான் என்று உலகநாதனுக்குப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. "இனிமே எங்க கயினி வரப்புல கால் வெக்காத."

"வெக்கல. நான் வேணும்னா, மாலையைக் கழட்டிட்டு எங்க தெருவுக்கு வாங்க. எங்கப்பன் பேரை முழுசாச் சொல்லிக் கேளுங்க. வரன்."

அந்த வகையறாவில் ஒருத்தரும் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. கடையில் ஈ ஓட்டினார். மனைவி வள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைய்யா. சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிந்துடும்?"

"உதிராது. சொல்லமாட்டன்."

பெரிய வீட்டைப் பகைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சாமிக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாருக்காக இந்தச் சண்டையோ அவரே நடுங்கிக்கொண்டிருந்தார்.

தை கடைசியில் உலகநாதனின் மோட்டார் புகைந்து போயிற்று. நவரைப் பட்ட நெல் நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மூலக்குளத்திலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு தடவை கழற்றி மாட்டியும் ஓடவில்லை, வயல் வெடிக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை உலகநாதனின் பைக் நடேசன் குடியிருக்கிற காலனிக்குள் வந்து நின்றது. கழுத்தில் மாலை இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சாமிக்கண்ணுவின் கை தானாகத் தோள் துண்டை இழுத்தது, எழுந்திருக்கப் பார்த்தார். கதவுக்கு உள்ளே நடேசன் நின்றார். வெளியே வரவில்லை.

உலகநாதன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"சாமிக்கண்ணு... நடேசன் இருக்காரா?"

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கிழவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நடேசன் வெளியே வந்தார். "உன்னத்தாம்பா கூப்புடறாங்க," என்றார். "உக்காந்துகினே பதில் சொல்லு."