உமாமகேஸ்வரிக்குச் சொன்ன பதில்

மாட்டுங்கா லேபர் கேம்பில் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கும் செல்வின்துரை, ஞாயிறுதோறும் சபை வாலிபர்களுக்குத் தர்க்க வகுப்பு நடத்துவார். கடவுள் இல்லை என்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் பாடம். ஒரு வாதத்துக்கு அடிப்படையான இரண்டு கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் அவற்றிலிருந்து வரும் முடிவை நம்பலாம் என்று போர்டில் எழுதிக் காட்டுவார்.

பக்கத்து வீட்டு உமாமகேஸ்வரியின் ஒரே மகன் முகேஷ், குர்லா அருகே ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனான். செல்வின்துரையும் மனைவி கிரேஸியும் துக்கம் கேட்கப் போனார்கள்.

"சாமின்னு ஒண்ணு இருந்தா எம்புள்ளைய இப்படிக் கொண்டு போவுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் உமாமகேஸ்வரி.

அவருக்கு வாய் தானாகத் திறந்தது. "சாமி இருந்தா துன்பமே வராதுன்னு நீயா வச்சுக்கிடுத. அந்த முதல் கூற்றே நிக்காது. பெறவு முடிவு எப்படி நிக்கும்?"

"நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்துக்கு வந்ததும் கிரேஸி மெதுவாகக் கேட்டாள்: "அவ உங்ககிட்ட பதிலா கேட்டா?"

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன செல்வின்துரை வாசலிலேயே நின்றார். உமாமகேஸ்வரிதான் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"முகேஷப் பத்திச் சொல்லு தாயி" என்றார்.

அவன் பால்வாடிக்குப் போக அழுத நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே போனாள். கேட்டுக்கொண்டிருந்த அவரால் கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.