தறி ஓடாத நாளின் சுருதி

1978, ஆடித்தபசுத் திருவிழா நாள்: அக்கா செய்த ஆஸிலேட்டர் முதன்முறையாக ஒலித்தது. மறுநாள்: அப்பா அதைக் கேட்டார். அதே ஆண்டு ஆவணி: அக்காவுக்குத் திருமணம் நடந்தது. இந்த ஆண்டு, சென்ற மாதம்: அக்கா காலமானாள்.

அன்று விட்ட வேலையைத் தன் பிள்ளைகள் வளர்ந்தபின் அவள் மீண்டும் தொடங்கியிருந்தாள். புளியங்குடியில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், அவள் மேசைமேல் கிடந்த சால்டரிங் கோலை நேற்றுச் சூடாக்கினேன். ஈயமும் பிசினும் புகைந்த வாசம் என்னைச் சங்கரன்கோவில் வீட்டு அடுக்களைக்குக் கொண்டுபோயிற்று.

அங்கேதான் பழைய ரேடியோவின் உறுப்புகளைக் கழற்றி, மின்சாரத்தால் ஸ்வரம் எழுப்பும் அந்த ஆஸிலேட்டர் பலகையை அக்கா செய்தாள்.

“ஒரு ஸ்வரவரிசை சரியா வாசிச்சுக் காட்டு, பாலிடெக்னிக்குக்கு அனுப்புதேன். இல்லன்னா மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருதேன்” என்றிருந்தார் அப்பா.

தபசு விடுமுறையில் தெருவின் விசைத்தறிகள் நின்றிருந்தன. பள்ளிப் பையனான நான் சுருதிப்பெட்டியை அமுக்க, அக்கா குமிழ்களைத் திருப்பிச் சுருதி சேர்த்தாள். மறுநாள் அப்பா வந்து உட்கார்ந்தபோது தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மின்னழுத்தம் தாழ்ந்திருந்தது, ஸ்வரங்களும் தாழ்ந்தன.

“ஏட்டி, என்ன இது, ஆட்டுக்குட்டி கத்துத மாதிரி இருக்கு?”

“தறி ஓடுதுப்பா, கரண்டு கொறையுது. சாயங்காலம் தறி நின்னதும் கேளுங்க.”

“ஊருத் தறியெல்லாம் நிறுத்தித்தான் நீ வாசிக்கணுமோ?” அப்பா சிரித்தபடி எழுந்துபோனார்.

அக்கா சுவிட்சை அணைத்தாள்.

அவள் மேசையில் இன்று செய்யாமல் எஞ்சியவை: ஒலியைச் சீராக்கும் ஃபில்டர் பலகையைப் பற்றவைத்து முடிப்பது. இரண்டாம் ஆஸிலேட்டரை முதலாவதோடு இணைப்பது. மேசையை எப்போது காலி செய்யலாம் என்று கேட்கும் அத்தானுக்குப் பதில் சொல்வது.