சந்திரனுக்குப் போன பெரியப்பா

எங்கள் பெரியப்பாவைச் சந்திரனுக்கு அனுப்பி வைத்தவர் சித்தப்பா. அந்தச் சித்தப்பாவைப் பட்டணத்துக்குக்கூடப் போகவிடாமல் செய்தவன் நான்.

தென்காசிக் கோபுரம் மொட்டையாக நின்ற காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். சித்தப்பா எங்கிருந்தோ ஓர் ஆங்கில நாவலை இரவல் வாங்கி வந்திருந்தார். சந்திரனுக்குப் போகிறவர்களின் கதை. குற்றாலத்துக்குக் குளிக்க நடக்கும்போதெல்லாம் அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அங்கே காற்று கிடையாது, தலையில் கண்ணாடிக் கூடு மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவராகச் சேர்த்தது. "மூச்சுக்கு மட்டும் வழி வச்சிருக்கேன்லே, பேச்சுக்கு வழியில்லை. உங்க பெரியப்பா போனா சந்திரன் நிம்மதியா இருக்கும்" என்பார்.

பெரியப்பா திருநெல்வேலியில் வக்கீல். குடும்பத்தில் யார் என்ன படிப்பது என்பது அவர் வாயில்தான் இருந்தது. சாரலுக்கு அவர் குற்றாலம் வரும்போது ஒரு படம் வரைந்து காட்டி, பட்டணத்து ஓவியப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது என்று சித்தப்பா முடிவு செய்தார். பெரியப்பாவையே வரைந்தார். கழுத்துக்கு மேலே கண்ணாடிக் கூடு, பின்னால் புல் பூண்டில்லாத மலைகள்.

ஐந்தருவியில் குளித்து வந்து எல்லாரும் சாப்பிட்டு முடித்த மதியம், சாரலுக்குப் பெரியப்பா எடுத்திருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் படத்தைச் சாய்த்து வைத்தார். முதலில் அலறியது பெரியம்மா. எங்கள் வீடுகளில் ஒருவர் போன பிறகுதான் படம் சுவரேறும். தலையைச் சுற்றி ஒளிவட்டம் எழுதி மாலை போடுவார்கள்.

"இருக்கிற மனுசருக்கு வட்டம் போட்டு வச்சிருக்கீரே தம்பி! அவுக இப்ப எங்கன போயிட்டாக?"

"சந்திரனுக்கு, மதினி" என்றார் சித்தப்பா. நிலைமை இன்னும் மோசமாயிற்று.

பெரியப்பாவின் முகம் இறுகியது. அந்த வட்டம் கண்ணாடி என்று தெரிந்தவன் கூடத்தில் நான் ஒருவன்தான். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இது என்னன்னு பெரியப்பாக்கு நீ சொல்லு."

கதையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பெரியவர்களும் என்னையே பார்த்தார்கள். அது இனித்தது.

"ஊறுகாப் பரணியில போட்ட நெல்லிக்கா மாதிரி இருக்கு. உள்ள ஒரு ஈ வேற கெடக்கு" என்றேன். கண்ணாடியின் வளைவில் கறுப்பாக ஏதோ இருந்தது உண்மை.

பெரியப்பா தம் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தார். கூடமே சிரித்தது. "ஊறுகா போடுததுக்குப் பட்டணத்துப் படிப்பு எதுக்குலே? செங்கோட்டையில நம்ம சிநேகிதர் மரக்கடையில ஆள் கேக்காரு, போய்ச் சேரு" என்றார். அத்தோடு தீர்ந்தது. சித்தப்பாவும் சிரித்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது அந்த ஈயின் மேல் கட்டைவிரலை வைத்து மூடியிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் தூரிகை பிடித்தது மரக்கடைத் தடிகளின் மேல் சிவப்புச் சாயத்தால் எண் போடத்தான். என்னை எங்கே கண்டாலும் "வாலே, நெல்லிக்கா" என்று பிரியமாகவே கூப்பிடுவார். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அவர் போன பிறகு, மாலை போட அவருடைய படம் ஏதாவது இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவினேன். அடியில் பெரியப்பா சந்திரனில் நின்றுகொண்டிருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கூட்டின் வளைவில், எதிரே நிற்கும் ஒருவனின் சாயல் விழுந்திருந்தது. தோளில் ஈரத்துண்டு. கதை கேட்டுத் திறந்த வாய் மூடாத ஒரு பையன்.

எல்லாரும் சிரித்தபோது அவர் விரலால் மூடியது என்னைத்தான்.