முதல்ல இருந்ததே நல்லா இருக்கு, அண்ணா

இந்தப் போஸ்ட்டை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், ப்ளீஸ். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். டியூஷன் கேங் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துத்தான் போடுகிறேன்.

கண்ணன் அண்ணன் இறந்துவிட்டார்.

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் டிசைனர். நேற்று விடியற்காலை, வீட்டுக்குப் போகிற வழியில், ஆமத்தூர் தாண்டி, நின்றுகொண்டிருந்த லாரியில் பைக்கோடு மோதி...

இத்தனை வருடம் பெட்டி லேபிள் வரைந்தவர். இந்த சீசனுக்கு ஆன்லைனிலும் விற்கலாம் என்று அப்பா முடிவு செய்ததும், வெப்சைட் டிசைனும் அவர் தலையில்.

அப்பா ஆபீஸில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "எம் மக ஓகே சொன்னாத்தான் ஓகே. போன்ல எது எடுபடும்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்."

ப்ளஸ் ஒன் படிக்கிற நான் அப்ரூவல்!

அன்றிலிருந்து அண்ணன் என்னை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார். "வாங்க மேனேஜர், சாப்பிட்டீகளா? இன்னைக்கு எம்புட்டு கரெக்சன்?"

ஒருமுறை ஹோம் பேஜ் முழுக்க மத்தாப்பு சிதற வேண்டும் என்று அடம்பிடித்தேன். சிரித்தார். "பெட்டில ஒட்டுறது கண்ணை இழுக்கணும், பாப்பா. போன்ல வர்றது வழியக் காட்டணும். ஆர்டர் போட வந்தவுகள வேடிக்கை பாக்க விட்டுறக் கூடாதுல்ல."

புரியவில்லை. ஆனால் கெத்தாகத் தலையாட்டினேன்.

முந்தாநாள் டியூஷனில் போனைக் காட்டி உங்களிடம் கேட்டேனே... ஒருத்தி பிங்க் என்றாள், ஒருத்தி பட்டன் பெரிதாக வேண்டும் என்றாள், ஒருத்தி அனிமேஷன் கேட்டாள். அத்தனையையும் அப்படியே அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் சைட் லைவ் ஆக வேண்டும். அவர் ராத்திரி வெகுநேரம் ஆபீஸிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அனுப்பினார்.

எல்லாம் பார்த்துவிட்டு, படுத்துக்கொண்டே டைப் செய்தேன். முதல்ல இருந்ததே நல்லா இருக்கு, அண்ணா.

திட்டவில்லை. "சரிங்க மேனேஜர். நீங்க தூங்குங்க" என்று வாய்ஸ் வந்தது. பின்னால் கொட்டாவி.

நான் தூங்கிவிட்டேன்.

"கண்ணன் சாயங்காலமே ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ராத்திரி வேலை வாங்கியது தெரிந்தால் கம்பெனிக்குப் பிரச்சினையாம். நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.

இன்று துக்க வீட்டில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். "அம்புட்டு நேரம் எங்கன குடிச்சிட்டுக் கெடந்தானோ."

அண்ணன் குடிக்க மாட்டார். டீயே பாதிதான் குடிப்பார்.

அவர் மனைவி சுமதி அக்கா என் கையைப் பிடித்தார். "ஒனக்காச்சும் தெரியுமா பாப்பா, ராத்திரி எங்கன இருந்தாருன்னு?"

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றேன்.

சைட்டில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் டிசைன் சூப்பர் என்கிறார்கள். அவர் முதலில் போட்டது.

தூங்குங்க, அண்ணா.

யாரிடமும் காட்டாதீர்கள் என்று மேலே எழுதியதை... சுமதி அக்காவிடம் மட்டும் யாராவது காட்டுங்கள். அண்ணன் ராத்திரி ஆபீஸில்தான் இருந்தார். எனக்காகத்தான் இரு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா