கதவு வாங்கியாச்சு, மாட்டுவது அடுத்த பேட்ச்

இடித்த வீட்டுக் கதவை விற்கிற தொழிலில் பொய் செல்லாது, சார். மரம் உளுத்திருந்தால் விரலால் தட்டினாலே அதுவே சொல்லிவிடும். காலேஜ் வாத்தியாரான நீங்களோ இருபது வயசுப் பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்தீர்கள். முடிக்காத வேலையை முடிந்தது என்று எழுதச் சொல்லி, அதற்கு மார்க்கும் போட்டு அனுப்பினீர்கள். உங்கள் பேரை இங்கே எழுத மாட்டேன். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் பழைய கதவு, ஜன்னல், உத்திரம் விற்கிறேன். பதினாலு வயசில் வீடு இடிக்கிற வேலைக்குச் சித்தாளாகப் போனவள். ஒரு நாள் கூலிக்குப் பதிலாக உடைந்த ஜன்னல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை விற்று, அப்படியே தொடங்கிய கடை இது. படிப்பு எட்டாவது. வாய் மட்டும் எம்.ஏ. கொஞ்ச வருஷமாகக் காலேஜ் பிள்ளைகள் ‘லீடர்ஷிப் ப்ராஜெக்ட்’ என்று கும்பலாகக் கிளம்பி வருகிறார்கள். ஹார்டுவேர், ஃப்ளெக்ஸ், டாடா ஏஸ், டீக்கடை என்று நீங்கள் எதை வைத்துப் பிழைத்தாலும் உங்களிடமும் வந்திருப்பார்கள். அந்த வயிற்றெரிச்சல் உள்ளவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

அளவு

நாலு பேர் வந்தார்கள். முன்னால் நின்றவள் கீர்த்தனா, அரியாங்குப்பத்துப் பெண், டீம் லீடர். பின்னால் பேசாமல் நின்றவன் டேவிட், நல்லவாடு. மற்ற இரண்டு பெண்களும் போனில் இருந்தார்கள். பாகூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு உளுத்து விழுந்துவிட்டதாம். நிலை மட்டும் நிற்கிறதாம். அதற்கு ஒரு கதவு வைத்துக் கொடுப்பதுதான் ப்ராஜெக்ட் என்றாள் கீர்த்தனா. கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இடிக்கிற சைட்டில் பெண்களுக்கு மறைவிடம் கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போய், சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டு செங்கல் சுமந்தவள் நான்.

“அளவு சொல்லும்மா” என்றேன். போனில் போட்டோ காட்டினாள். “போட்டோவ வச்சி கதவு குடுக்க நான் இன்னா ஸ்டூடியோவா வச்சிருக்கேன்? அகலம் எவ்ளோ?” என்றேன். இரண்டு பேர் ஒன்றாக நுழையலாம் என்றாள். கீல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒருத்தி வலது என்கிறாள், இன்னொருத்தி இடது என்கிறாள். ஒருத்தி உள்ளே நின்று பார்த்திருக்கிறாள், மற்றவள் வெளியே நின்று. என் டேப்பைக் கையில் கொடுத்து, மேலே, நடுவில், கீழே என்று மூணு இடத்தில் அளந்து வரச் சொன்னேன். பழைய சுவர் எங்காவது ஓரிடத்தில் நிலையை நெருக்கியிருக்கும். ஸ்கூட்டியில் போய்த் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிட்டது. வேர்த்து வடிய வந்த கீர்த்தனா டேப்பைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னாள்: “எங்க மார்க் ஷீட்ல அளவு எடுக்கறதுக்கு மார்க்கே இல்லக்கா. ‘விஷன்’னு ஒண்ணு இருக்கு, அதுக்குதான் நெறைய.”

பேரம்

அந்த அளவுக்கு ஒரு வேம்புக் கதவு இருந்தது. ஒற்றைக் கதவு, உள்பக்கம் அடியில் தகரம் அடித்தது, தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஆனால் பெண்களுக்கு அதற்குப் பக்கத்தில் சாய்த்திருந்த, பூ செதுக்கிய தேக்குக் கதவு மேல் கண். அதுதான் போட்டோவில் நன்றாக வருமாம். “கக்கூஸ் கதவுக்குப் பூ எதுக்குடி? தாப்பா விழுதான்னு பாருங்கடி மொதல்ல!” என்று கத்தினேன். ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் டேவிட் முன்னால் வந்தான். வேம்புக் கதவைத் தட்டிப் பார்த்தான். குனிந்து தகரத்தை நகத்தால் சுரண்டினான். ஒரு விலை சொன்னான். நான் திட்டினேன். அவன் நகரவில்லை. இன்னும் திட்டினேன். அதே விலையை இன்னும் மெதுவான குரலில் சொன்னான். முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறவளுக்குத் தன் ஜாதி ஆளைக் கண்டால் தெரியாதா? பேரம் பேசுகிற ஜாதியைச் சொல்கிறேன். இறங்கி வந்தேன், ஒரு நிபந்தனையோடு: கதவை மாட்டி, தாழ்ப்பாள் போட்டு, என் கண் முன்னால் திறந்து மூடிக் காட்ட வேண்டும். நாலு தலையும் ஆடின. போகும்போது டேவிட் திரும்பிச் சொன்னான்: “எங்கம்மா மீனக் காட்டி வெலை சொல்லும்க்கா. நீங்க கோவத்தக் காட்டிச் சொல்றீங்க.”

வாராந்திர முன்னேற்றம்

என்னையும் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ‘இந்த வார முன்னேற்றம்’ என்று ஒன்று வரும். ஒரு வாரம், ‘கடைக்காரருடன் ஆரோக்கியமான உரையாடல் நடைபெற்றது.’ அடுத்த வாரம், ‘உரையாடல் தொடர்கிறது.’ அதன் கீழே வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள். நான் எங்கே உரையாடினேன்? கீல் மூணு போதுமா நாலு வேணுமா என்று கேட்டு நான் போட்ட செய்திக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் தட்டிப் போட்டுவிட்டேன். அடுத்த நிமிஷமே கீர்த்தனாவிடமிருந்து போன்: “அக்கா, ப்ளீஸ், குரூப்ல திட்டாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டணும்.”

ரிப்பன்

கதவை ஒப்படைக்கிற நாள். டாடா ஏஸில் கதவோடு நானும் போனேன். என் கடை ஆசாரி செல்வம் கீல், ஸ்க்ரூ, உளி எல்லாம் எடுத்து வந்தார். மிஞ்சினால் ஒரு மணி நேர வேலை. பள்ளிக்குள் நுழைந்தால் கதவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! பிறகு நீங்கள் வந்தீர்கள், சார். கீர்த்தனா ஒரு பக்கமும் டேவிட் ஒரு பக்கமுமாகக் கதவைத் தூக்கி நிறுத்திப் பிடித்தார்கள். சுவர் கிடையாது, நிலை கிடையாது, மைதானத்து நடுவில் ஒரு கதவு மட்டும் நிற்கிறது. நீங்கள் ரிப்பன் வெட்டினீர்கள். கேமராக்காரர் சரியாக விழவில்லை என்றதும், அதே ரிப்பனை முடிச்சுப் போட்டு இரண்டாம் முறையும் வெட்டினீர்கள்.

செல்வம் உளியை எடுத்தார். நீங்கள் தடுத்தீர்கள். கதவு வாங்குவது இந்த வருஷ டீமின் ‘ஃபேஸ் ஒன்’, அதாவது முதல் கட்டம். மாட்டுவது ‘ஃபேஸ் டூ’, அது அடுத்த பேட்ச்சுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றீர்கள். சோற்றை இந்த வருஷம் வடித்துவிட்டுக் குழம்பை அடுத்த வருஷம் ஊற்றுவீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எல்லாம் அச்சில் வராது. நீங்கள் பதறவே இல்லை. அப்போது நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்: “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. எல்லாத்தையும் ஒரே டீம் முடிச்சிட்டா, அடுத்த டீம் எதுல லீடர்ஷிப் கத்துக்கும்?”

சாக்கு

பத்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல், செல்வத்தைக் கூட்டிக்கொண்டு நானே பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி, உட்கார வைத்து டீ கொடுத்தார். கதவு ஏழாம் வகுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை அவர் தொட முடியாதாம். காலேஜ் பேரில் வந்த பொருள்; ஒப்படைத்துவிட்டோம் என்று காலேஜ் ஒரு கடிதம் கொடுத்தால், பதிவேட்டில் ஏற்றிவிட்டு அன்றைக்கே மாட்டிவிடுவாராம். கடிதம் இல்லாமல் மாட்டினால், ஆடிட் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். கத்துவதற்கென்றே போயிருந்தேன். அவர் பக்கம் நியாயம் இருந்ததால் கத்தவும் முடியவில்லை.

செல்வத்தை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் கழிப்பறைப் பக்கம் போனேன். வாசலில் ஒரு சிறுமி, கிழித்து விரித்த சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவளுடைய சிநேகிதி. அங்கே யாரும் தனியாக வருவதில்லை. ஜோடியாக வந்து, ஒருத்திக்கு இன்னொருத்தி சாக்கு பிடிப்பார்களாம். கை வலிக்கவில்லையா என்று கேட்டேன். சாக்கை இறக்காமலே சொன்னாள்: “கை வலிக்கல ஆன்ட்டி. ஒருத்திக்கு வந்தா ரெண்டு பேருக்கும் பாடம் போயிடுது, அதான்.”

பொன்னாடை

வருஷக் கடைசியில் காலேஜில் ‘ரிஃப்ளெக்‌ஷன் டே’. ப்ராஜெக்ட்டில் எவ்வளவு முன்னேறினோம், என்ன கற்றுக்கொண்டோம் என்று பிள்ளைகள் மேடையேறிச் சொல்ல வேண்டும். என்னையும் ‘கம்யூனிட்டி பார்ட்னர்’ என்று கூப்பிட்டு, அந்த வெயிலில் பொன்னாடை போர்த்தினீர்கள். கீர்த்தனா திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் படித்தாள். முன்னேற்றம்: ஃபேஸ் ஒன் முழுமையாக நிறைவு. கற்றவை: பொறுமை, குழு ஒற்றுமை, தகவல் தொடர்பு. சந்தித்த சவால்: கடைக்காரரின் கோபம். அரங்கமே சிரித்தது. கதவு மாட்டியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எழுந்து நின்று, “தாப்பா விழுதாடி?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் மைக்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள். அது என் தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தக் கேள்வி பக்கத்து நாற்காலியில் இருந்த உங்களுக்குப் போயிருக்க வேண்டும்.

அடுத்தது டேவிட். எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டான். மைக்கைத் தொடவில்லை. ஆனாலும் கடைசி வரிசைக்கும் கேட்டது: “வலையக் கரையில விரிச்சி வச்சி போட்டோ புடிச்சா எங்க ஊர்ல சிரிப்பாங்க சார். இங்க மார்க்கு போடறீங்க. நான் கத்துக்கிட்டது அதான்.”

மூன்று வரி

டேவிட்டுக்கு ‘அணுகுமுறை’ என்ற இடத்தில் பூஜ்யம் விழுந்தது. அதைச் சொல்ல வந்தவள் கீர்த்தனாதான், ஒரு சனிக்கிழமை, தனியாக. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஒரு தாளை நீட்டினாள். பள்ளி கேட்ட அதே ஒப்படைப்புக் கடிதம். அவளே பள்ளிக்குப் போய்க் கேட்டு எழுதியது, மொத்தம் மூன்று வரி, கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம். அதோடு மூன்று முறை உங்கள் அறைக்குப் போயிருக்கிறாள். ஒரு முறை மீட்டிங் என்றீர்கள். ஒரு முறை பார்க்கலாம் என்றீர்கள். மூன்றாம் முறை அன்பாகப் பேசி அனுப்பினீர்களாம். வேறு கடையில் ஏமாந்து வருகிற வாடிக்கையாளர் முகம் எனக்குப் பழக்கம். ஏமாற்றியவர்களில் தானும் ஒருத்தியோ என்று கலங்குகிற முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கேட்டாள்: “‘நீதான் முடிச்சிட்டியேம்மா, ஃப்ரீயா இரு’ங்கறாருக்கா. நான் இன்னா முடிச்சேன்? அந்தப் பொண்ணுங்க இன்னும் சாக்குதான புடிக்குதுங்க?”

ஒன்று முதல் ஐந்து வரை

புது பேட்ச் வந்தது. அவர்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்துவதைப் பார்த்ததுமே செல்வத்துக்கு போன் போட்டு, உளியைத் தீட்டி வைக்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம். அவர்கள் கையிலோ ஒரு கட்டுத் தாள். பள்ளியில் தேவை எவ்வளவு என்று ஆய்வு செய்யப் போகிறார்களாம். சாக்குப் பிடிக்கிற பிள்ளைகளிடம் கேட்கப் போகிற முதல் கேள்வியை வாசித்துக் காட்டினார்கள்: ‘கதவு இல்லாததால் உங்களுக்கு எவ்வளவு சிரமம்? ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடவும்.’ கடைக்காரர் கருத்துக்கென்று எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்தை வட்டமிட்டேன். அது போதாமல் பக்கத்தில் ஆறு என்று எழுதி அதையும் வட்டமிட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. “கதவு வாங்கி வருஷம் ஒண்ணாச்சிப்பா. மாட்டறது எப்போ?” என்றேன். புது லீடர் மரியாதை தெரிந்த பையன், கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான்: “இது ஃபேஸ் டூக்கா. மாட்டறது ஃபேஸ் த்ரீ. எங்க ஜூனியர்ஸ் பண்ணுவாங்க.”

ஒரே ஒரு கதவைத் திறக்காமலும் மூடாமலும் மூன்று பேட்ச் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர முடியும் என்று நிரூபித்துவிட்டீர்கள், சார். கீர்த்தனாவின் கடிதத்தோடு நாளைக் காலையில் உங்கள் அறைக்கு நானே வருகிறேன், கையெழுத்தைப் போட்டுக் கதவை மாட்ட விட்டுவிட்டு அடுத்த டீமுக்கு வேறு பள்ளியைப் பாருங்கள், கதவில்லாத கழிப்பறைக்கா இந்தச் சீமையில் பஞ்சம்?