கஸ்தூரி கழற்றாமல் போன பானைகள்

கஸ்தூரி இறந்துபோன செய்தி எனக்கு வந்தபோது ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. போனில் பேசியது நம் கேன்டீன் மல்லிகா. "ரெஜினா, எங்க கீற? குந்திக்கினு கீறியா, நின்னுக்கினு கீறியா?" என்று முதலில் கேட்டாள். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "நம்ம கஸ்தூரி பூட்டாடி. காலைல வாசல் தெளிக்க பக்கெட்ட தூக்கினாளாம். நெஞ்ச புடிச்சுக்கினு அப்பிடியே சாஞ்சிட்டாளாம்." எனக்கு அழுகை வரவில்லை. "லவ் பேர்ட்ஸுக்கு யாரு தண்ணி வெக்கிறது?" என்று கேட்டேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். செத்துப்போனவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பறவைக்குத் தண்ணீர் கேட்டேனே என்று அன்று முழுக்கக் கூசிப்போனேன். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை நாளில் அந்தப் பறவைகளுக்காக நான் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

ஆடிட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, ஒருவழியாக இன்று கேன்டீனில் கூடியிருக்கிறோம். அவளுக்கு நெருக்கமானவள் நான்தான், நான்தான் பேச வேண்டும் என்றீர்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டில் மூடி செய்யும் இந்தக் கம்பெனியில் பேக்கிங் லைனுக்கு லீடராக இருந்தவள் கஸ்தூரி. எளாவூர்க்காரி. நான் மீஞ்சூர், குவாலிட்டி செக்கிங். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம், வாரத்துக்கு ஒரு முறையாவது சண்டை போட்டோம். அவளுக்கு வாய் அதிகம். அடக்கமானவள், அதிர்ந்து பேசாதவள் என்று யாராவது இங்கே சொன்னால் போட்டோவில் இருந்து எழுந்து வந்து கேட்பாள்.

கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் கூண்டு வந்த கதை பலருக்குத் தெரியாது. எளாவூரில் அவள் குடியிருந்த வீட்டின் ஓனர், இவள் வளர்க்கும் பறவைகள் கத்துகின்றன, தூக்கம் போகிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "இன்னா பார்சல் இது, கத்துது?" "எங்க ஜனம்" என்றாள் கஸ்தூரி. மேனேஜர் சார் இறங்கி வந்தார். "சார், உங்க மெஷின் போடுற சத்தத்த வுடவா இதுங்க சத்தம் போட்டுடப்போவுது?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்தவரிடம் இடத்தையும் வாங்கிவிட்டாள். மெயின்டனன்ஸ் ஆட்கள் பழைய இரும்பு ஆங்கிளையும் கம்பிவலையையும் வைத்துக் கூண்டு அடித்துக் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் பானைகளையும் அவர்களே கட்டினார்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானைகள், அவற்றுக்குள்தான் இவை முட்டை வைக்கும். அழகுக்காக ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று தோரணம் மாதிரி கட்டியிருந்தார்கள். உச்சியில் இருந்த பானைக்காகப் பெட்டைகள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் பார்த்துவிட்டன. கஸ்தூரி எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரே மட்டத்தில் வரிசையாகக் கட்டினாள். ஜோடிகளைவிடப் பானைகள் அதிகம். வெறும் பானை எதற்கு என்று கேட்டேன். "டிரெஸ் மாத்துற ரூம்ல ஃபேனுக்குக் கீழ கீற லாக்கருக்காக நீ ஆடுன ஆட்டம் மறந்து பூச்சா? எல்லா லாக்கருக்கு மேலயும் ஃபேன் இருந்தா நீ இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு சடைய புடிச்சிருக்கப்போற?" என்றாள். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. நான் சடையைப் பிடித்தது உண்மைதான், மறுத்துப் பேச வழியில்லை.

அவள் சார் முன்னால் ஒரு நாள் பேசிய பேச்சை நினைத்தால் எனக்கு இன்னமும் வேர்க்கிறது. ஆயுத பூஜைக்கு முதலாளி குடும்பத்தோடு வருவார், குஞ்சுகள் இருந்தால் பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படும், இப்போதே பானையைக் கட்டு என்றார் சார். "தீபாவளி முடியட்டும் சார். இப்ப கட்டினா முட்டை மேல குந்திக்கினு கீற நேரத்துல சுத்துப்பட்டுல எல்லாம் வெடி வெடிப்பான். பயந்து எழுந்து பூடும். குளுந்துபோன முட்டைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். ஒரு வருஷம்தானே கஸ்தூரி என்று அவர் தணிந்து கேட்டும் பார்த்தார். "மொதலாளி வர்றாருன்னு நாம பெருக்கித் தொடைக்கலாம் சார். அது முட்டை போடுமா?" நான் பின்னால் நின்றுகொண்டு அவளுடைய ஓவர்கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தீபாவளி போய், அடைமழை விட்ட பிறகுதான் பானைகள் ஏறின. அந்தப் பனிக்காலம் முழுக்க, சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கை கழுவாமல்கூடக் கூண்டுக்கு ஓடினோம்.

ஏற்றியதைப் பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுவாள். ஒரு ஸ்டூல், ஒரு கட்டிங் பிளேயர். குஞ்சு இருக்கும் பானையைத் தொடமாட்டாள், அவை பறந்து வெளியே வரும்வரை விட்டுவைப்பாள். வெறும் பானைகளும் புதிதாக முட்டை வைத்த பானைகளும் இறங்கிவிடும். அந்த முட்டைகளை வேப்பமரத்தடியில் புதைப்பாள். ஸ்டூலைப் பிடிப்பது நான். பிடித்துக்கொண்டே திட்டுவதும் நான். பானை இருந்த இடத்தில் பெட்டைகள் வந்து வலையைக் கவ்விக்கொண்டு தொங்கும். பார்க்கச் சகிக்காது. "அடிப்பாவி, நீயும் ஒரு புள்ள பெத்தவதானே? நல்லாருப்பியாடி நீ?" என்று மல்லிகா ஜன்னல் வழியாகக் கத்துவாள். கல்நெஞ்சக்காரி என்பேன் நான். கேன்டீனே சேர்ந்து திட்டும். "திட்டுங்கடி, நல்லா திட்டுங்க. ரெஜி, நீ ஸ்டூல வுட்றாத" என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரி கம்பியை வெட்டுவாள்.

ஒரு வருஷம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஆசையாத்தானேடி தேடுதுங்க. வுட்டா இன்னா?" அவள் ஸ்டூலில் இருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தாள். "அதுக்குப் போதும்னு நிறுத்தத் தெரியாதுடி. பானை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் முட்டை போட்டுக்கினேதான் இருக்கும். ஒடம்புல கீற சத்தெல்லாம் முட்டை ஓட்டுக்கே பூடும். இந்த வெயிலும் சேந்துகினா, கடைசில ஒரு முட்டை வெளிய வராம சிக்கிக்கும். அவ்ளோதான்." உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "கொன்னுட்டுதான் தெரிஞ்சுகினேன்." எளாவூர் வீட்டில் முதல் தடவை குஞ்சு பொரித்த பூரிப்பில் சித்திரை முழுக்கப் பானைகளை விட்டுவைத்திருக்கிறாள். பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கூண்டின் தரையில் கிடந்திருக்கின்றன. "இன்னா வெக்கமா பூச்சு தெரியுமா? ஊட்டுக்கு வந்தவங்க கேட்டா பூனை புடிச்சிடுச்சுன்னு பொய் சொன்னேன். எதிர் ஊட்டுப் பூனை, பாவம், அத எல்லாரும் வெரட்டி வெரட்டி அடிச்சாங்க." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நம் கஸ்தூரி சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் மாசியில் போனாள். பானைகள் அப்படியே தொங்கின. சார் அவளுடைய போட்டோவை லேமினேட் செய்து கூண்டில் கட்டச் சொன்னார். நாம் பூச்சரம் போட்டோம். "இதெல்லாம் அவ கையால கட்டினது. ஒருத்தி தொடக்கூடாது" என்றாள் மல்லிகா. யாரும் தொடவில்லை. அடுத்து ஒரு மஞ்சள் குஞ்சு வெளியே வந்தபோது மல்லிகா அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "கஸ்தூரியே வந்துட்டாடி" என்று அழுதாள். அதற்குக் கஸ்தூரி என்றே பெயர் வைத்தீர்கள். நானும் உங்களோடு நின்று அழுதேன், அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை.

பங்குனி வந்தது. எனக்குத் தெரியும். இந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும், வருஷா வருஷம் ஸ்டூலைப் பிடித்த எனக்குத் தெரியும். செத்தவளின் பூ வாடுவதற்குள் அவள் கட்டியதைப் பிரித்துப் போட்டாள் ரெஜினா என்று நீங்கள் பேசுவீர்களே என்று பயந்தேன். ஒரு நாள் துணிந்து பிளேயரை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனேன். முதல் கம்பியில் கை வைத்துவிட்டேன். "இன்னாடி பண்ற அங்க?" என்று மல்லிகாவின் குரல் கேட்டது. "கம்பி லூசா கீதான்னு பாக்குறேன்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக அந்தக் கம்பியை இன்னும் ஒரு சுற்று முறுக்கி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் கையால் சோறு பிசையவே பிடிக்கவில்லை.

போன வாரம் அந்த நீலப் பெட்டை செத்ததே, நாம் மேடம் என்று கூப்பிடுவோமே, அதுதான். காலையில் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. எடுத்து வயிற்றைத் தடவினேன், கல் மாதிரி முட்டை தட்டுப்பட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. வேப்பமரத்தடியில் புதைத்தோம். "கஸ்தூரிய தேடிக்கினு பூட்டா பாரு, இன்னா பாசம்" என்று மல்லிகா கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கஸ்தூரி ஒரு பூனையின் மேல்தான் பழி போட்டாள். நான் செத்துப்போன என் சிநேகிதியின் மேலேயே போட்டுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மல்லிகா, உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. உனக்குத் தெரியாது, ஆசையில் சொன்னாய். தெரிந்த நான் சொல்லியிருக்க வேண்டும்.

கத்தரி வெயில் இன்னும் முடியவில்லை. கூண்டில் மற்ற பெட்டைகள் இருக்கின்றன, பானைகளுக்குள் போவதும் வருவதுமாகத்தான் இருக்கின்றன. இந்தக் காகிதத்தை மடித்து வைத்ததும் நான் நேராக அங்கேதான் போகப்போகிறேன். இரண்டு பானைகளில் குஞ்சுகள் இருக்கின்றன, அவை வெளியே வரும்வரை இருக்கட்டும். மற்றவை எல்லாம் இப்போதே இறங்கும், முட்டைகளோடு. பானை இருந்த இடத்தில் அவை வந்து தொங்கும். உங்களால் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது.

அவளுடைய லாக்கரில் இருந்த பிளேயரை அவள் வீட்டுக்காரர் என்னிடமே கொடுத்துவிட்டார். அது என் கோட்டுப் பையில் இருக்கிறது. அதோடு சேர்த்து இன்னொன்றையும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் பங்குனியில் நீங்கள் அவளுக்குக் கொடுத்த அந்தத் திட்டு. அடிப்பாவி, கல்நெஞ்சக்காரி, நல்லாருப்பியாடி நீ. அவ்வளவையும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். எனக்குச் சிரிக்க வராது, ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன். உரக்கவே திட்டு மல்லிகா. ஸ்டூலை மட்டும் யாராவது வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.