பின்வரிசை இல்லாத வட்டம்

வடக்கிலுள்ள பிள்ளைகளைத் தலைவர்களாக்கியே தீருவது என்று யாரோ எங்கேயோ முடிவெடுத்து, எங்களை பஸ்ஸில் ஏற்றிக் கல்குடாவுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. தலைவியாகும் வயதல்ல. தெரிவானவர் அண்ணாதான். அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். அப்பா, நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே காணாமல் போனவர். என்னை வைத்துப் பார்க்க முல்லைத்தீவில் ஆளில்லை. அதனால் அண்ணாவின் பையோடு இன்னொரு பையாக நானும் ஏறிக்கொண்டேன்.

பயிற்சி நிலையம் வாவிக்கரையில் இருந்தது. வந்திருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள். அவர்கள் கூடிக் கதைக்கும் இடத்துக்கு நான் போனால் கதை நின்றுவிடும். “நீ போய் விளையாடு” என்பார்கள். யாரோடு விளையாடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் கரையில் குந்தியிருந்து, தோணிக்காரர் வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணா ஆண்பிள்ளைகளோடு வேறு கட்டிடத்தில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்னிடம் வந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் விடிந்ததிலிருந்து காத்திருப்பேன். அவ்வளவு தனிமையை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஓட்டமாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு மிஸ். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. பாவம், முதல் நாளே அவருக்குச் சோதனை காத்திருந்தது. மண்டபத்தில் பாய்களை வரிசையாக விரித்துவிட்டு எங்களை வந்து இருக்கச் சொன்னார். எல்லோரும் இடித்துப் பிடித்துக் கடைசிப் பாயில் போய் நெருக்கிக்கொண்டோம். முன்பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. எங்கள் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது சொல்லிவிடுகிற புத்தி ஒன்றுதான்: “முன்னுக்குப் போய் நில்லாதை.” ஏனென்று அவர்களும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

மிஸ் யோசித்துவிட்டு எங்களை வட்டமாக இருத்தினார். வட்டத்துக்குப் பின்வரிசை கிடையாதே! அதற்கும் எங்கள் ஆட்கள் வழி கண்டுவிட்டார்கள். ஒவ்வொருவராக மெல்ல மெல்லப் பின்னால் அரக்கி நகர்ந்து, மத்தியானத்துக்குள் எல்லோருடைய முதுகும் சுவரில் முட்டி, வட்டம் மண்டபத்தின் அளவுக்குச் சதுரமாகிவிட்டது. மிஸ் நடுவில் தனியாக நின்றார்.

அடுத்த நாள் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். “இண்டைக்கு ஒரு தலைவர் வேணும். எனக்கு உங்கள இன்னும் சரியாத் தெரியா. உங்களுக்குள்ள ஆரு நல்ல தலைவர் எண்டு நீங்களே சொல்லுங்க புள்ளயள்.”

தலைமைப் பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் ஒன்றாக நிலத்தைப் பார்த்தார்கள்.

“என்ன புள்ளயள், வாயில கொழுக்கட்டையா?”

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அண்ணா தலைவரானால் இந்த அக்காமார் என்னை விரட்டமாட்டார்கள். தலைவரின் தங்கச்சியை யார் விரட்டுவார்கள்? அவர் பக்கத்திலேயே நானும் இருக்கலாம். அதோடு, அது பொய்யுமில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகளின் சண்டையைத் தீர்ப்பவர், பந்து வாங்கக் காசு சேர்ப்பவர் எல்லாம் அண்ணாதான். நான் எழும்பி நின்று, கையை நீட்டிக் காட்டிச் சத்தமாகச் சொன்னேன்.

“எங்கட அண்ணாதான் தலைவர்!”

மிஸ் சந்தோஷத்தில் கை தட்டினார். மற்றவர்களும் தப்பினோம் பிழைத்தோம் என்று தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு அண்ணாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்தார். முன்னுக்கு வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கதவால் வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். கரையில் இழுத்து விட்டிருந்த ஒரு தோணிக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் கிட்டப் போனதும், என்னைப் பாராமலே சொன்னார்.

“இனிமேல் ஒருத்தருக்கும் என்னைக் கை நீட்டிக் காட்டாதை.”

அதன்பிறகு பயிற்சி முடியும்வரை அவர் என்னிடம் வரவேயில்லை. சாப்பாட்டு நேரங்களில் ஆண்பிள்ளைகளின் மேசைப் பக்கம் பார்ப்பேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மிஸ் எனக்கு இறால் பொரியலைக் கூடுதலாக வைத்து, “சாப்பிடு புள்ள, அவருக்கு வெக்கம். எல்லாம் சரியாப் போகும்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். கூச்சக்காரனைச் சபையில் இழுத்துவிட்டதற்குக் கோபம், வேறென்ன? ஒரு கோபத்தை இவ்வளவு நாளைக்கு வைத்திருக்கலாமா என்று எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்ற வருடம்தான், படிப்புக்காக நான் மட்டக்களப்புக்கு வருவதற்கு முன், அம்மா சொன்னார். அப்பா எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவராம். இடம்பெயர்ந்து வந்த சனமெல்லாம் ஒரு வெளியில் நின்றபோது, “உங்களுக்குள்ள ஆர் தலைவர்?” என்று துப்பாக்கியோடு வந்தவர்கள் கேட்டார்களாம். சனம் முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். அப்பாவும்தான். கூட்டிப்போனவர்கள் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அவர்களுக்கு அப்பாவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். அம்மா சொன்னார். அண்ணாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் கையை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடிப்போய், சரியான பெருமையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: “எங்கட அப்பாதான் தலைவர்!”